பழைய கேட்டலிடிக்கைக் கையில் வாங்காமல் ஒர்க்ஷாப்பை விட்டு நகராதீர்கள்

சேலத்தில் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் என்னைப்போல வாராவாரம் ஏற்காடு ஏறி இறங்குபவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 24,500 ரூபாய் போனது, அதோடு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற, வண்டிப் புகையின் நச்சைக் குறைக்கிற விலை உயர்ந்த பாகமும் போனது. கடைப் பெயர் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம், சொல்லப் போவதில்லை. என்னிடம் ஒழுங்கான பில் இல்லை. ஏன் இல்லை என்பதும் கீழே வருகிறது.

வண்டி 2018 மாடல், பிஎஸ்4 புகை விதிப்படி வந்தது, 64,000 கிலோமீட்டர் ஓடியது. மாமனார் வீடு ஏற்காட்டில். சனிக்கிழமை ஏறினால் திங்கள் விடியக்காலை இறங்குவோம். மார்கழிக் குளிரில் ஸ்டார்ட் போட்டால் பானெட்டுக்குள் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி டக் டக் டக் என்று ஒரு சத்தம். இறங்கும்போது இருபதாவது கொண்டை ஊசி வளைவில் இருக்கும், பதினைந்தாவதுக்கு வருவதற்குள் அடங்கிவிடும். "வால்வு சத்தம் மாப்ள, ஆயில் மாத்துங்க" என்றார் மாமனார். மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. மைலேஜ் 16 கொடுத்த வண்டி 12க்கு வந்தது. அப்புறம் ஒருநாள் செக் இன்ஜின் லைட் எரிந்தது.

ஊருக்குள் கொஞ்சம் பெரிய ஒர்க்ஷாப்பாகப் பார்த்து விட்டேன். வண்டிக் கம்ப்யூட்டர் காட்டும் பிழைக் குறியீட்டைப் பார்க்க ஸ்கேனரைச் சொருகிய பையன் "பி0420, ஃபோர்ட்வென்டி சார்" என்று சிரித்தான். (சட்டத்தில் மோசடிப் பிரிவின் எண் 2024 ஜூலையில் மாறிவிட்டது, ஊர்வாயில் இன்னும் மாறவில்லை.) முதலாளி வந்து, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, கம்பெனியில் கேட்டால் அரை லட்சம் சொல்வான், நம்மிடம் கூலியோடு 24,500 என்றார். பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி தனி. நானும் அந்த ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கப் பார்த்து, துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். பழைய பார்ட் எங்கே என்று கேட்டதற்கு "அது எக்ஸ்சேஞ்ச் சார், உள்ள ஒண்ணுமில்ல, வெறும் இரும்பு" என்றார். கரி பிடித்த இரும்பை வீட்டில் வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று நானும் விட்டுவிட்டேன்.

வெறும் இரும்பு இல்லை அது. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் இருக்கும், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். காயலான் கடையில் இதை மட்டும் தனியாக வாங்குவதற்கென்றே ஆள் இருக்கிறான். நமக்குப் புதுசு போட்ட காசு ஒருபக்கம், நம்முடைய பழசை விற்ற காசு இன்னொரு பக்கம்.

மூன்று வாரம் லைட் எரியவில்லை. பிழைக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டால் கம்ப்யூட்டர் மறுபடி சோதித்து முடிவுக்கு வர நாளாகும், அவ்வளவுதான் விஷயம். ஏறும்போது பன்னிரண்டாவது வளைவில் திரும்ப எரிந்தது. கொண்டுபோனால் "இப்ப சென்சார் போயிருக்கு, 9,000 ஆகும்" என்றார்கள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

மாமனாருக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் ஏற்காட்டிலேயே இருக்கிறார். எஸ்டேட் ஜீப்பெல்லாம் பார்ப்பவர். கதையைக் கேட்டுவிட்டு "வண்டிய ராத்திரி இங்கேயே விடுங்க தம்பி, சாவிய நீங்களே வச்சுக்கங்க, காலைல வந்து நீங்களே ஸ்டார்ட் போடுங்க" என்றார். காலையில் ஸ்டார்ட் போட்டதும் அதே டக் டக். ஈரச் சாக்கை மடித்துச் சைலன்சர் வாயை ஒரு நிமிஷம் அடைத்தார். முன்பக்கம் புஸ்ஸென்று காற்று சீறியது. மேனிஃபோல்டு (புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்) இன்ஜினோடு சேருகிற இடத்தில் டார்ச் அடித்துக் காட்டினார், அதை இறுக்குகிற ஒரு ஸ்டட் உடைந்து, அதன் பக்கத்தில் இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் வழியாகக் கரி கோடு கோடாகக் கசிந்திருந்தது. சூடானால் இரும்பு விரிந்து இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும். நான் முப்பது கிலோமீட்டர் ஓட்டிக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் நிறுத்தினால் கீழே இருப்பவனுக்கு எப்படிக் கேட்கும்? சரி, அவன் கேட்கவே முயற்சி செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஆக்சிஜன் சென்சார். முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னது 0.6, 0.7 பக்கம் ஆடாமல் நிற்கும். பின்னதும் சேர்ந்து ஆடினால் இந்த பி0420 குறியீடு வரும். ஆனால் புகை ஒரே சீராக வருவதில்லை, விட்டு விட்டு வருகிறது. அந்த இடைவெளியில் ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அந்த ஆக்சிஜன் சென்சாரைக் குழப்பும், பெட்ரோல் குறைவு என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் போனது அதனால்தான். குறியீடு வந்ததும் கேட்டலிடிக் போச்சு என்று முடிவுகட்டக் கூடாது, முதலில் லீக் பார்க்க வேண்டும்.

ஸ்டட்டைத் துளைபோட்டு எடுத்து, கேஸ்கெட் மாற்றியதற்கு மொத்தம் 2,300 ரூபாய். சத்தம் நின்றது. இன்னொன்றும் உறுத்துகிறது. ஏறும்போது பனிக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு போவோம், வீட்டுக்காரிக்குத் தலைவலி வரும், வளைவுதான் காரணம் என்றே இருந்தோம். பானெட்டுக்குள் கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு வாசனையே கிடையாது. அதனால்தானா என்று இனிமேல் சொல்ல முடியாது, ஆனால் லீக்கை அடைத்தபின் அவளுக்குத் தலைவலி வரவில்லை.

ஆனால் லைட் அணையவில்லை. சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தோம். புதுசு என்று மாட்டியதற்குள் தேன்கூடே இல்லை, வெறும் குழாய். புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறவில்லை. பிஎஸ்4 பெட்ரோலுக்கு ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) தாண்டக் கூடாது, என் வண்டி இரண்டையும் தாண்டியது. சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 வரை போகும், அதையும் நான்தான் கட்ட வேண்டும்.

கீழே போய்ச் சண்டை போட்டேன். அந்தத் துண்டுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுல எங்க கடை பேரே இல்லையே சார்" என்றார். பழைய பார்ட்டையாவது கொடுங்கள் என்றேன். "அது அன்னைக்கே போயிடுச்சு." கழற்றியது நல்ல நிலையில் இருந்ததா, நிஜமாகவே கெட்டிருந்ததா என்று எனக்கு இனித் தெரியப் போவதில்லை. தட்டிப் பார்த்தால் உள்ளே உடைந்த பீங்கான் கலகலக்கும், அந்தச் சோதனையைக்கூட என் முன்னால் செய்யவில்லை.

கம்பெனி பார்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், ஒரிஜினல் பில்லோடு. மாட்டும்போது பக்கத்திலேயே நிற்பேன் என்று சொல்லிவிட்டேன். கழற்றுகிற வெறும் குழாயை டிக்கியில் போட்டு வைப்பதாக இருக்கிறேன், யாராவது "கேட்டலிடிக் போச்சு" என்றால் எடுத்துக் காட்டலாம்.