லண்டனில் எந்த டிக்கெட்? முதலில் கிழமையைப் பாருங்கள்

லண்டன் கிளம்புகிறவர்கள் எல்லாரும் கேட்பது, பஸ், ரயிலுக்குப் பணம் போட்டுவைத்துத் தட்டும் ஆய்ஸ்டர் கார்டு வாங்கணுமா அல்லது கையில் இருக்கும் வங்கி கார்டையே தட்டிவிட்டுப் போகலாமா என்பதுதான். பெரியவர்களுக்குக் கட்டணத்தில் இரண்டும் ஒன்றே. இரண்டிலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு, அதைத் தொட்டபின் அன்றைக்கு எத்தனை முறை ஏறினாலும் பணம் பிடிக்காது. லண்டனைக் கட்டணத்துக்காக நடுவிலிருந்து வெளியே ஸோன் ஸோனாகப் பிரித்திருக்கிறார்கள், 2025 மார்ச் கட்டணப்படி நடுவில் இருக்கும் ஸோன் 1-2க்கு அது 8.90 பவுண்டு. சுற்றுலாப் பயணி பார்க்கப்போகும் முக்கால்வாசி இடங்கள் இந்த இரண்டு ஸோனுக்குள் அடங்கிவிடும்.

வங்கி கார்டில்தான் தொந்தரவு குறைவு, அது செயல்பட்டால். இந்தியாவில் வாங்கிய கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் கான்டாக்ட்லெஸ்ஸையும் (தட்டிப் பணம் கட்டும் வசதி) வங்கி ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டும், விமானம் ஏறும் முன்பே. விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் ஓடும், ரூபேயை நம்பிப் போகாதீர்கள். ஃபாரெக்ஸ் மார்க்கப்புக்கு, அதாவது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூடுதலாகப் பிடிக்கும் தொகைக்குப் பயந்து ஆய்ஸ்டர் வாங்குவதில் அர்த்தமில்லை, ஏனென்றால் அதே கார்டால் ஆய்ஸ்டருக்குப் பணம் போட்டாலும் அந்த மார்க்கப் விழத்தான் செய்யும். அப்புறம், ஒரே கார்டை இரண்டு பேர் தட்ட முடியாது. காலையில் போன், மாலையில் பிளாஸ்டிக் கார்டு என்று மாற்றித் தட்டினாலும் சிஸ்டம் அதை இரண்டு ஆளாகத்தான் எண்ணும், உச்சவரம்பு கைக்கு எட்டாது.

சரி, கிழமைக்கு வருவோம். வார உச்சவரம்பு என்று ஒன்றும் உண்டு, அதே 2025 கட்டணப்படி ஸோன் 1-2க்கு 44.70 பவுண்டு, ஆனால் அது திங்களில் தொடங்கி ஞாயிறோடு முடிகிற வாரத்துக்கு மட்டும். திங்கள் இறங்கி ஞாயிறு திரும்புகிறவருக்கு இது தானாகக் கிடைக்கும், ஒன்றும் யோசிக்க வேண்டாம். வியாழன் இறங்கி அடுத்த புதன் வரை இருப்பவருக்கு அந்த ஏழு நாள் இரண்டு வாரமாகப் பிளந்துவிடுகிறது, தினமும் உச்சவரம்பைத் தொடும் அளவு சுற்றினால் ஏழு நாளுக்கு 62.30 பவுண்டு. இவருக்குத்தான் ஏழு நாள் டிராவல்கார்டு, அதாவது முன்பணம் கட்டி வாங்கும் பாஸ்: அதே 44.70, எந்தக் கிழமையிலும் தொடங்கலாம், ஸோன் எதுவானாலும் லண்டன் பஸ் முழுக்க அதிலேயே அடக்கம். இதைச் சாதாரண ஆய்ஸ்டரில் ஏற்றலாம், சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விற்கும் விசிட்டர் ஆய்ஸ்டரில் ஏற்ற முடியாது! ஆய்ஸ்டருக்கான கார்டு கட்டணம் திரும்ப வராது, மிச்சமாகும் 17.60 பவுண்டில் அதைக் கழித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டும் ட்யூப் (லண்டன் மெட்ரோ ரயில்) ஏறி மீதியை நடந்தே பார்க்கிற ஆள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், தட்டிவிட்டுப் போகலாம்.

ஒரு நாள் டிராவல்கார்டை விட்டுவிடுங்கள், தினசரி உச்சவரம்பைவிட விலை அதிகம். கவுன்டரில் வாங்கும் ஒற்றைப் பயண டிக்கெட் அதைவிட மோசம், ஸோன் 1க்குள் தட்டிப் போகும் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பட்ஜெட் இறுக்கமா, பஸ்ஸில் போங்கள். 2025 கட்டணப்படி ஒரு ஏற்றம் 1.75 பவுண்டு, முதல் தட்டலில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் இலவசம், நாள் முழுக்க பஸ் மட்டும் என்றால் 5.25க்கு மேல் போகாது. பணம் நீட்டினால் மட்டும் வாங்க மாட்டார்கள், 2014லேயே நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். பத்து வயது வரை பெற்றோரோடு ட்யூபில் இலவசம். 11 முதல் 15 வரை உள்ளவர்களுக்கு வங்கி கார்டு கொடுத்தால் முழுக் கட்டணம் போய்விடும். அவர்களுக்கு மட்டும் ஒரு ஆய்ஸ்டர் வாங்கி, ட்யூப் ஸ்டேஷன் ஊழியரிடம் யங் விசிட்டர் தள்ளுபடியை ஏற்றித் தரச் சொல்லுங்கள், 14 நாளுக்குப் பாதிக் கட்டணம். அதற்குப் பிள்ளையும் கூட நிற்க வேண்டும், பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.