கழுவாத காசு விற்கும் கடை

மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பாத்திரக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, எட்டடி அகலத்தில் ஒரு பழைய நாணயக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை உண்டு, ஆனால் பெயரை எழுத மாட்டேன். "எழுதுறதுன்னா எழுதுங்க தம்பி, பேரை மட்டும் போட்டுராதீங்க. வாங்காதவன்லாம் வந்து உட்கார்ந்துக்கிடுவான்" என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். கீழே இரண்டு மூன்று குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் எனக்கும் அது வசதிதான்.

நான் சிவகாசிக்காரன். இருபது வருஷமாக ஆஃப்செட் பிரஸ் வேலை. காலண்டர், அட்டைப்பெட்டி, பட்டாசு லேபிள் என்று நிறம் பார்த்தே பிழைப்பு ஓடுகிறது. அதனாலோ என்னவோ, ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாயின் ஓரத்தில் மெஜந்தாவும் நீலமும் ஓடியிருந்ததைப் பார்த்ததும் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் மட்டும்தான் வாங்குகிறேன். அதிலும் பை பையாக மாறி அடிபடாதது, வெள்ளி தானாக நிறம் ஏறியது. இதைச் சேகரிப்பவர்கள் டோனிங் என்கிறார்கள். எங்கள் வீட்டில் கறுத்த காசு என்கிறார்கள்.

கடையின் பெரிய பலம், அங்கே எதையும் கழுவுவதில்லை. நம் ஊரில் வெள்ளி கறுத்தால் தேய்க்காமல் விடுவது கிட்டத்தட்ட பாவம். விபூதி, புளி, பூந்திக்கொட்டை, பல்பொடி எல்லாம் அதற்கென்றே இருக்கின்றன. தாத்தா வைத்திருந்த 1862 ராணி ரூபாயை அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் பல்பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விக்டோரியாவின் மேலாடைப் பூவேலை இப்போது வழுவழுவென்று இருக்கிறது. லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஆயிரம் கீறல். வியாபாரிகள் பலர் இதையே நாசூக்காகச் செய்கிறார்கள். ஆசிட் கலந்த திரவத்தில் ஒரு முக்கு, தண்ணீரில் ஒரு முக்கு, கறுப்பு போய்விடும். கறுப்போடு சேர்ந்து வெள்ளியின் மேல்தோலும் கொஞ்சம் போகும். நாலு தடவை முக்கியெடுத்த நாணயம், பலமுறை சலவைக்குப் போன சட்டை மாதிரி வெளுப்பாக இருக்குமே தவிர மினுங்காது. அண்ணாச்சி கடையில் அந்தத் திரவப் புட்டியே கிடையாது. "வந்தபடியே போகட்டும்" என்பார்.

இரண்டாவது பலம் ஒரு பல்ப். மேஜை ஓரத்தில் பழைய மஞ்சள் குண்டு பல்ப் ஒன்று வளையும் கம்பியில் தொங்குகிறது. மேலே இருக்கும் டியூப்லைட்டில் பார்த்தால் நல்ல டோனிங்கூட அழுக்கு மாதிரிதான் தெரியும். அண்ணாச்சி டியூப்லைட்டை அணைத்துவிட்டு, காசை ஓரத்தில் பிடித்து, பல்புக்குக் கீழே மெல்லச் சாய்ப்பார். அப்போதுதான் விஷயமே தெரியும். புதுக் காசில் அச்சு விழும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழிந்தோடிய நுண்ணிய வரிகள் இருக்கும். சாய்த்தால் அந்த வரிகளில் வெளிச்சம் காற்றாடி மாதிரிச் சுழலும். நிறத்துக்கு அடியில் இந்தச் சுழற்சி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. சுழலவில்லை என்றால் மயில் கழுத்து நிறமே இருந்தாலும் நான் தொடுவதில்லை.

போன மாசி மாதம் வாங்கிய 1918 ரூபாயைச் சொல்கிறேன். பம்பாய் அச்சு. பின்பக்கம் கீழே இருக்கும் தாமரைப் பூவுக்கு அடியில் ஒரு மேடான புள்ளி, அதுதான் பம்பாய்க்கு அடையாளம். புள்ளி இல்லையென்றால் கல்கத்தா. எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அண்ணாச்சி டிஜிட்டல் தராசில் வைத்துக் காட்டாமல் எதையும் தர மாட்டார். ராஜா தலை இருக்கும் பக்கத்தில், கழுத்துக்குப் பின்னால் வெறும் வெள்ளி. அங்கிருந்து முகத்துக்கு முன்னால் வரும்போது வைக்கோல் மஞ்சள், பிறகு செம்புப் பழுப்பு, மூக்கு நுனிக்கு எதிரே மெஜந்தா, விளிம்போரம் ஒரு நூலளவு நீலம். ஜார்ஜ் போட்டிருக்கும் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு, தும்பிக்கை மடிப்பு வரைக்கும் எண்ணலாம். 1911-இல் முதன்முதலாக அடித்தபோது அந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று முஸ்லிம்களிடமிருந்து எதிர்ப்பு வந்து, அடுத்த வருஷமே திருத்தினார்கள். வெளியே விடாமல் கையிலிருந்ததை உருக்கியும் விட்டார்கள். அதனால்தான் 1911 'பன்றி ரூபாய்'க்கு இன்றைக்கும் அவ்வளவு கிராக்கி. என்னுடையதில் இருப்பது நிஜ யானை. பின்பக்கம் கிட்டத்தட்ட பளிச்சென்று இருக்கிறது. ஒரு பக்கம் காகிதத்தில் பட்டு, மறுபக்கம் இன்னொரு காசோடு ஒட்டிக் கிடந்திருக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டு இரும்புப் பெட்டியிலிருந்து வந்தது என்றார் அண்ணாச்சி. நான் பார்த்த அளவில் தமிழ்நாட்டில் விற்கும் எல்லா நல்ல காசும் செட்டிநாட்டு இரும்புப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. சரி, இருக்கட்டும்.

1918 என்றதும் எனக்கு ஒரு கூடுதல் ஆசை இருந்தது. முதல் உலகப்போரில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்து, நோட்டைக் கொடுத்து ரூபாய் கேட்டவர்களுக்குக் கொடுக்க ரூபாய் இல்லாத நிலைமை. அந்த வருஷம் ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு, தன் கஜானாவில் கிடந்த 27 கோடி வெள்ளி டாலரை உருக்கியது. அதில் சுமார் 25.9 கோடி டாலர் வெள்ளி இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. உருகியதில் பெரும்பகுதி மார்கன் டாலர், அதாவது மார்கன் என்பவர் வடிவமைத்த பழைய அமெரிக்க வெள்ளி டாலர். இதில் வேடிக்கை என்னவென்றால், டோனிங் பைத்தியம் உலகத்திலேயே அதிகம் பிடித்திருப்பது மார்கன் டாலர் சேகரிப்பவர்களுக்குத்தான். கஜானாவில் துணிப்பைக்குள் பல வருஷம் கிடந்து, துணி பட்ட இடத்தில் பிறை மாதிரி வானவில் ஏறிய டாலருக்கு அங்கே அடித்துக்கொள்கிறார்கள். அப்படி ஏறியிருக்க வேண்டியதில் எத்தனை கோடி இங்கே வந்து ஜார்ஜ் தலையோடு ரூபாயாகிப் போனதோ. என் காசில் அந்த வெள்ளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இதை அண்ணாச்சியிடம் சொல்லாமல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அடுத்த தடவை போனபோது வேறொருவரிடம் "அமெரிக்க வெள்ளி சார், லேசுல கிடைக்காது" என்று ஒரு தேய்ந்த 1919-ஐ நீட்டிக்கொண்டிருந்தார்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் காசை இழப்பது அங்கேதான். காற்றிலும் காகிதத்திலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே மெல்லிய வெள்ளி சல்பைடு படலம் படிகிறது. ஈர ரோட்டில் எண்ணெய் சிந்தினால் தெரியும் வானவில் மாதிரி, படலத்தின் கனத்தைப் பொறுத்து நிறம் மாறும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, மெஜந்தா, நீலம். கனம் கூடக் கூட மறுபடியும் மஞ்சள், மெஜந்தா, கொஞ்சம் பச்சை, கடைசியில் கறுப்பு. பிரஸ்ஸில் எந்த மை முன்னால், எந்த மை பின்னால் என்று ஒரு வரிசை உண்டே, அதே போல இங்கேயும் வரிசை தப்பாது. வெறும் வெள்ளைக்குப் பக்கத்தில் திடீரென்று அடர் நீலம் நின்றால் யோசிக்க வேண்டும்.

இதைக் கற்றுக்கொள்ள நான் கட்டிய ஃபீஸ் ஆறாயிரம் ரூபாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆன்லைனில் எட்வர்ட் மன்னர் தலை போட்ட ஒரு 1907 ரூபாய், 'இயற்கை ரெயின்போ' என்று போட்டோ போட்டிருந்தார்கள். போட்டோவில் மதுரை சித்திரைத் திருவிழா மாதிரி இருந்தது. வந்ததும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பல்புக்குக் கீழே ஒரு தடவை சாய்த்தார். "மொட்டைக்குக் கன்னம் தேஞ்சிருக்கு பாருங்க. தேஞ்ச இடத்துலயும் அதே நீலம். அப்போ தேஞ்ச பிறகுதானே பூசியிருக்கான்?" என்றார். எட்வர்ட் கிரீடம் இல்லாமல் இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். பிரஸ்ஸில் புள்ளி பார்க்கும் என் லென்ஸை வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் இடுக்கில் நிறம் குளம் கட்டி நின்றது, அடியில் பல்பொடிக் கீறல்கள். பழுதை மறைக்கத்தான் வண்ணம். அவித்த முட்டையோடு டப்பாவில் போட்டு மூடினாலே ஒரு ராத்திரியில் நிறம் ஏறிவிடும், கெமிக்கல் கூட வேண்டாம். அந்தக் காசுக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அனுதாபம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிசிஜிஎஸ், என்ஜிசி என்று அமெரிக்காவில் தரம் பார்த்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. 70-க்கு எத்தனை என்று மார்க் போடுவார்கள். 60-உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. செயற்கை நிறம் என்று பட்டால் மார்க் கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய நாணயமும் தொல்பொருள், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. என் 1918 அந்தக் கணக்கில் வந்துவிட்டது. ஆகவே நமக்கு அண்ணாச்சியின் குண்டு பல்பும் சொந்தக் கண்ணும்தான். என் கண்ணுக்கு அது 63 பெறும். அண்ணாச்சி 65 என்கிறார், விற்பவர் அப்படித்தான் சொல்வார்.

இனி குறைகள். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் காப்பாற்றும் மனிதர், விற்கும்போது காசை மலிவான பிவிசி கவரில் போட்டுத் தருகிறார். அந்த பிளாஸ்டிக் நாள்பட வியர்த்து, காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டும். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய 1940 ரூபாயில் அப்படித்தான் ஆனது. (1940-லிருந்து வெள்ளி பாதிக்குப் பாதிதான், அதன் டோனிங்கும் சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும், பெரிய நஷ்டமில்லை. கோபம் கோபம்தான்.) சொன்னால் "எல்லாரும் இதுலதான தர்றாங்க" என்கிறார். இன்னொன்று, அட்டைச் சட்டத்தில் ஸ்டேப்ளர் அடித்து வைத்திருக்கும் காசுகளை அவரே விரல் நகத்தால் பின்னைப் பிய்த்துத் திறப்பார். அப்படி ஒரு தடவை என் கண் முன்னாலேயே ஒரு அருமையான 1912-இன் கன்னத்தில் கோடு விழுந்தது. அதை அதே விலைக்கு எனக்கு விற்கவும் பார்த்தார்.

விலைக்கு ஒழுங்கு கிடையாது. தேய்ந்த ரூபாய் என்றால் அன்றைய வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துச் சொல்வார், அதில் ஏமாற்றம் இல்லை. நிறம் ஏறியதற்கு உங்கள் முகத்தைப் பார்த்து விலை. 1918-க்குப் பதினாலாயிரம் கேட்டார், பதினொன்றரைக்கு முடிந்தது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு முதலில் வேறு காசைப் பாருங்கள். பில் கேட்டால் தேடுவார், கடைசியில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். மதியம் ஒன்றரையிலிருந்து நாலரை வரை கடை மூடியிருக்கும். ஞாயிறு காலை போனால் நிதானமாகக் காட்டுவார்.

வாங்கியதை நான் சிவகாசியில் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் ஊரில் கந்தகத்துக்குப் பஞ்சமா? அக்கா மதுரை அனுப்பானடியில் இருக்கிறாள். மைலார் என்ற வியர்க்காத பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிகா பாக்கெட்டோடு அவள் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். ஒரு 1913 மட்டும் சோதனைக்காக என் பிரஸ் மேஜை டிராயரில் பழுப்புக் கவருக்குள் கிடக்கிறது. பதினாலு மாதம் ஆகிறது. இப்போதுதான் ஓரத்தில் வைக்கோல் நிறம் எட்டிப் பார்க்கிறது. இதைச் செயற்கை என்பதா இயற்கை என்பதா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "விக்கும்போது சொல்லுங்க, அப்போ பார்த்துக்கிடுவோம்" என்றார்.

அவருடைய இரண்டாவது டிராயரில் ஒரு 1840 ராணி இருக்கிறது. கொண்டை ஓரம் மட்டும் நீலம், மற்றதெல்லாம் பழைய தங்கம் மாதிரி மங்கல் மஞ்சள், சாய்த்தால் முழுசாகச் சுழல்கிறது. மூன்று தடவை கேட்டுவிட்டேன், "அது விக்கிறதுக்கில்ல" என்கிறார். விற்கிற எண்ணம் இல்லாதவர் ஒவ்வொரு தடவையும் அதை வெளியே எடுத்துக் காட்ட மாட்டார். காலண்டர் சீசன் முடியட்டும், போனஸோடு ஒரு ஞாயிறு காலையில் போகிறேன்.