ரேசர் வைப்பர் மினி: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

விளையாட்டுக்கான மவுஸ் வாங்கப் போனால், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் நிற்பது டிபிஐ எண்தான்; மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையிலுள்ள சுட்டி எத்தனை பிக்சல் நகரும் என்பதற்கான அளவு அது. 8,500, 16,000, 20,000 என்று அது ஏறிக்கொண்டே போகும். சில ஆண்டுகளாக நான் பயன்படுத்தும் ரேசர் வைப்பர் மினிக்கு அந்த எண் 8,500. அதுவே எனக்கு மிக அதிகம். அந்த அளவில் வைத்து மவுஸை ஆறு மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும், 1920 பிக்சல் அகலத் திரையைச் சுட்டி முழுவதுமாகக் கடந்துவிடும். அப்படி வைத்துக்கொண்டு யார் குறிபார்ப்பது? நான் 800இல் வைத்திருக்கிறேன். கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டை ஆடுகிறவர்கள் பலரும் 400 அல்லது 800க்கு மேல் போவதில்லை.

டிபிஐ குறைவாக இருந்தால் கை நிறைய வேலை செய்ய வேண்டும். ஆட்டத்தில் திரும்பிப் பார்க்க மவுஸை மேசையின் குறுக்கே இழுத்து, தூக்கி, பழைய இடத்தில் வைத்து, மறுபடி இழுக்க வேண்டும். எடை கணக்கில் வருவது இங்கேதான். கேபிளைச் சேர்க்காமல் இது 61 கிராம். நூறு கிராமைத் தாண்டிய மவுஸிலிருந்து இதற்கு மாறியபோது, மாலை முழுக்க ஆடினாலும் மணிக்கட்டு வலிக்கவில்லை. எடையைக் குறைக்க மேலோட்டில் தேன்கூடு போல ஓட்டைகள் போடும் வழக்கமும் உண்டு. இதில் அது இல்லை. வியர்வையும் தூசியும் உள்ளே இறங்குமே என்று கவலைப்படுகிற என் போன்றவர்களுக்கு இது நிம்மதி.

என்னைப் பொறுத்தவரை இதன் பெரிய பலம் ஸ்விட்ச். இதற்கு முன் வைத்திருந்த வேறொரு நிறுவனத்தின் மவுஸ், ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. கோப்பைத் தேர்ந்தெடுக்கப் போனால் அது திறந்துகொள்ளும். சாதாரண ஸ்விட்சில் உலோகத் தகடுகள் ஒன்றோடொன்று மோதும்போது மிகச் சிறிதாகத் துள்ளும். தேய்மானம் கூடக்கூட அந்தத் துள்ளலே இரண்டாவது அழுத்தமாகப் பதிவாகிவிடும். வைப்பர் மினியின் இரு முதன்மைப் பொத்தான்களும் அகச்சிவப்பு ஒளியால் இயங்குகின்றன. தகடு மோதிச் சமிக்ஞை தர வேண்டியதில்லை என்பதால் அந்தத் தொல்லைக்கே இடமில்லை. ஐந்து கோடி அழுத்தங்கள் தாங்கும் என்கிறது நிறுவனம். எண்ணிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை; என் கையில் இதுவரை ஒருமுறைகூட இரட்டிக்கவில்லை.

கேபிள் 1.8 மீட்டர், நெகிழ்வாகப் பின்னிய துணி உறை. மேசை விளிம்பில் உரசி மவுஸைப் பின்னுக்கு இழுக்காமல் இருக்க, கொஞ்சம் தொய்வு விட்டு ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கிறேன். சார்ஜ் என்ற பேச்சே இல்லை. இப்போது 60 கிராமை ஒட்டிய வயர்லெஸ் மவுஸ்களும் வந்துவிட்டன, ஆனால் அவற்றில் பலவும் இதைவிட விலை கூடுதல். கணினிக்கு நொடிக்கு 1,000 முறை தகவல் அனுப்புவது என் ஆட்டத்துக்குத் தாராளம். அடிப்பகுதியில் எரியும் வண்ண விளக்கை முதல் வாரத்திலேயே அணைத்துவிட்டேன்.

வாங்குமுன் கையை அளந்து பாருங்கள். நீளம் 118 மில்லிமீட்டர்தான். விரல் நுனியால் பிடிப்பவர்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் கச்சிதம். உள்ளங்கை முழுவதையும் சாய்த்துப் பிடிக்கும் பெரிய கைக்காரர்கள் சுமார் 127 மில்லிமீட்டர் நீளமும் 69 கிராம் எடையும் கொண்ட, இதன் பெரிய வடிவமான ரேசர் வைப்பரைப் பார்க்கலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இரண்டுமே அரைத் தீர்வுதான்: மினியில் பக்கவாட்டுப் பொத்தான்கள் இடப்புறம் மட்டுமே இருக்கின்றன, வைப்பரில் இருபுறமும் உண்டு என்றாலும் விலை கூடுதல்.