ஸ்பேசரும் நீள ஸ்டட்டும்: ஓட்டும்போது குறையில்லை, கழற்றும்போதுதான்

போன வாரம் டயர் கடையில் பின்பக்க ஸ்டட் ஒன்று, அதாவது வீல் நட் ஏறும் மரைக் கம்பி, முறிந்தது. அதே வாரம், என்னைப் போலவே டொயோட்டா 86 வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "நீ ஸ்பேசர் போட்டிருக்கியே, நானும் போடலாமா?" என்று கேட்டார். ஸ்பேசர் என்றால், சக்கரத்தை வெளியே தள்ளுவதற்காக ரிம்முக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் வட்டத் தகடு. கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் காரில் முன்னால் 5 மிமீ, பின்னால் 15 மிமீ. நான்கு பக்கமும் கம்பெனி ஸ்டட்டுகளைத் தட்டி எடுத்துவிட்டு நீளமானவை ஏற்றியிருக்கிறேன். ரிம் கார் வந்தபோது இருந்ததேதான், 17 அங்குலம், ஆஃப்செட் 48. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம், மிமீயில். அது குறைந்தால் சக்கரம் வெளியே வரும். பார்வைக்காகத்தான் போட்டேன், வேறு பெரிய காரணம் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. 86-ஐப் பின்னாலிருந்து பார்த்தால் அகலமான இடுப்பும், அதற்குள் ஒளிந்துகொண்ட சக்கரமும் தெரியும். 15 மிமீ வைத்ததும் சக்கரம் மட்கார்டின் விளிம்புக்கு வந்து நின்றது. இன்றும் காரை நிறுத்திவிட்டு நடக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். அதில் எந்தப் புகாரும் இல்லை.

ஓட்டும்போது என்ன மாறியது? பின்பக்கச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1540 மிமீயிலிருந்து 1570 ஆனது, ஏறக்குறைய இரண்டு சதவீதம். வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் பாரம் அந்த அளவுக்குக் குறையும். ஈர ரோட்டில் வால் சற்றுத் தாமதமாக வழுக்குவதாக எனக்குத் தோன்றுகிறது. வால் ஆட்டுவதற்காகவே இந்தக் காரை வாங்கியவர்களுக்கு இது குறையாகக்கூடப் படலாம். முன்னால் 5 மிமீக்கு ஸ்டீயரிங்கில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்பக்கமும் 15 வைத்த ஒரு காரை ஓட்டிப் பார்த்தேன். ரோட்டில் உள்ள ஒவ்வொரு தடத்தையும் ஸ்டீயரிங் மோப்பம் பிடித்துக்கொண்டு போகிறது. சக்கரம் வெளியே தள்ளப்படும்போது, ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் கூடுவதால் வரும் கோளாறு அது. வீல் பேரிங்குக்கும் நெம்பல் கூடத்தான் செய்யும். என்னுடையது இதுவரை சத்தம் போடவில்லை.

சரி, ஸ்டட்டை ஏன் மாற்ற வேண்டும்? இந்தக் காரின் ஸ்டட் 12 மிமீ தடிமன், நட் ஒரு சுற்றுக்கு 1.25 மிமீ நகரும். வெறும் 5 மிமீ ஸ்பேசர் வைத்தாலே நட் பிடிப்பதற்கு இருந்த மரையில் 4 சுற்று போய்விடுகிறது. 15 வைத்தால் 12 சுற்று. ஸ்டட்டின் தடிமன் எவ்வளவோ அந்த நீளத்துக்காவது நட்டுக்குள் மரை கடித்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. இங்கே அது 12 மிமீ, கிட்டத்தட்ட பத்துச் சுற்று. பழைய ஸ்டட்டில் 15 மிமீக்கு அது நடக்காது. ஸ்பேசரை ஹப்பில் முடுக்கி, ஸ்பேசரிலேயே இருக்கும் ஸ்டட்டுகளில் வீலை மாட்டும் வகையும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் 20 மிமீயும் அதற்கு மேலும்தான் சரிப்படும், அதனால் 15-க்கு நீள ஸ்டட்டையே எடுத்தேன்.

ஸ்டட் நீண்டால் பலம் குறையாதா என்று நண்பர் கேட்டார். பலரும் ஸ்டட்டின் மேல்தான் கார் தொங்குகிறது என்று நினைக்கிறார்கள். ஸ்டட்டின் வேலை, ரிம்மை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது. பாரத்தைத் தாங்குவது அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வு. அதனால்தான் ஹப்பின் முகத்தில் துருவோ ஸ்பேசரின் மேல் பெயின்டோ இருக்கக் கூடாது என்கிறார்கள். நடுவில் இருக்கும் அந்தப் படலம் நசுங்க நசுங்க இறுக்கம் விட்டுப்போகும். நடுத்துளையும் முக்கியம். இந்தக் காருக்கு 56.1 மிமீ. பின்னால் உள்ள 15 மிமீ ஸ்பேசரில் அதே அளவில் உதடு, அதாவது எழும்பி நிற்கும் ஒரு வளையம், கடைந்திருக்கிறது, ரிம் அதில் வந்து உட்காரும். முன்னால் 5-க்குத் தனி உதடு இல்லை, ஹப்பின் சொந்த உதடு மிச்சமிருக்கும் அளவில் சமாளிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தடிமன்களில்தான் ஹப் உதடும் எட்டாது, தனி உதடு கடையவும் சதை போதாது. நேர் ரோட்டில் வேகம் ஏறியதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று யாராவது புலம்பினால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

ஸ்டட் ஏற்றும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. பழையதைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு, புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்னால் வாஷர்களை அடுக்கி, ஒரு தியாக நட்டைப் போட்டு இழுக்க வேண்டும். தியாக நட் என்றால், அதற்கப்புறம் குப்பைக்குப் போக வேண்டியது. ஸ்டட்டின் கழுத்தில் உள்ள பல் வரிகள் ஹப்பின் இரும்பைக் கடித்துக்கொண்டு உள்ளே வரும்போது ஒரு முனகல் கேட்கும். தலை ஹப்பின் பின்முகத்தில் ஒட்டியதும் ரெஞ்ச் சட்டென்று கெட்டிப்படும். அது முக்கால்வாசி வந்து நின்றுவிட்டால் ஆபத்து. இப்போது இறுக்கமாகத் தெரிந்தாலும், ஓட ஓட ஸ்டட் மிச்ச தூரத்தை நகர்ந்து முடித்து நட்டைத் தளர்த்திவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டே நகர வேண்டும். நட்டை 120 நியூட்டன் மீட்டரில் முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்தேன். குறித்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் ரெஞ்ச் அது. எல்லாம் அப்படியே இருந்தன. இதுவரை ஒரு நட்டும் தானாகத் தளர்ந்ததில்லை.

இவ்வளவும் நல்லது. இப்போது அந்த நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்கு வருகிறேன்.

நீள ஸ்டட்டுகள் பெரும்பாலும் பந்தயக்காரர்களை நினைத்துச் செய்யப்படுபவை. நமக்கு வேண்டிய நீளத்துக்கு அளவெடுத்து வராது. பின்னால் 15 மிமீக்குப் பொருந்தும் ஸ்டட், முன்னால் 5 மிமீயில் விரல்கணு நீளத்துக்கு நட்டைத் தாண்டி வெளியே நிற்கிறது. மூடிய நட் போட முடியாது. ஸ்டட்டின் நுனி நட்டின் அடியில் முட்டிக்கொள்ளும், ரெஞ்ச் 'கிளிக்' என்று பொய் சொல்லும், வீல் மட்டும் தளர்வாகவே இருக்கும். ஆகவே இருபக்கமும் திறந்த நட். திறந்த நட் என்றால் மரை வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. பிரேக் தூசி, மண், சேறு எல்லாம் அந்த வரிகளில் அப்பிக் காய்ந்துவிடுகிறது. கழற்றும்போது நட் அந்த மண்ணையெல்லாம் உழுதுகொண்டுதான் வெளியே வர வேண்டும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுக் கையால் மெதுவாக எடுத்தால் அழகாக வரும். அப்படியே இம்பாக்ட் கன்னை, அதாவது நட்டைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுழற்றும் கருவியை, வைத்தால் மண் அரைபட்டு, சூடேறி, இரண்டு இரும்பும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதற்கப்புறம் கன் நிற்காது, ஸ்டட்தான் முறியும்.

போன வாரம் நடந்தது அதுதான். பிரஷ் என் டிக்கியிலேயே இருக்கிறது, எடுத்தும் கொடுத்தேன். பையன் தலையாட்டிவிட்டு ஓரமாக வைத்தான். காற்றுக் குழாய் சீறியது, நட் பாதி வழியில் முனகியது, அவன் விசையை விடவில்லை. பட்டென்ற சத்தத்தோடு நட்டும் ஸ்டட்டின் பாதியும் சாக்கெட்டுக்குள் வந்துவிட்டன. "ஸ்டட் மட்டம் சார்" என்றான்.

கார் கூட வந்த வீல் ஸ்பேனரும் இப்போது சும்மா பாரம்தான். நீட்டிய ஸ்டட் அதன் அடியில் இடிப்பதால் நட்டை முழுதாகப் பிடிப்பதில்லை. ஆழமான சாக்கெட் ஒன்று நிரந்தரமாகக் காரில் இருக்க வேண்டும். பஞ்சர் என்றால் ஸ்டெப்னியை நானே மாட்டிவிடுவேன், காரை வேறொருவர் எடுத்துப் போயிருந்தால் போன் வந்துவிடும். நுனிக்கு பிளாஸ்டிக் மூடி போட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றாக எங்கோ உதிர்ந்துவிட்டன. வெட்டிவிடலாம் என்றால், நுனியில் மரை இல்லாமல் குவிந்திருக்கும் பாகமும் போய்விடும். நட் கோணலாக ஏறாமல் வழிகாட்டுவதே அதுதான், இந்த ஸ்டட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

நண்பருக்கு என் பதில்: போடாதே. அந்தத் தோற்றம் வேண்டுமென்றால் ஆஃப்செட் 35 உள்ள ரிம்மாகப் பார்த்து வாங்கு. 48-இல் ஸ்பேசரின் 15 போக என்னுடைய பின்பக்கம் இப்போது 33, கிட்டத்தட்ட அதே இடத்தில் உட்காரும். கம்பெனி ஸ்டட், கம்பெனி நட், யார் வேண்டுமானாலும் கழற்றலாம். "அப்போ நீ கழட்டிடப் போறியா?" என்றார். இல்லை. முறிந்ததற்கு மாற்று வாங்கப் போனால் தனியாக ஒன்று தருவதில்லை, ஐந்தாகத்தான் வருகிறது. அதே நீளத்தில் ஆர்டர் போட்டிருக்கிறேன். பின் டிஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ஹேண்ட் பிரேக் ஷூ வழிமறிக்கும், ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கே போய்விடும். கூடவே கொஞ்சம் சன்னமான கம்பிப் பிரஷ் ஒன்றும் சொல்லியிருக்கிறேன்.