உள்ளபடி வாசிப்பதா, பேசுகிற மாதிரி சொல்வதா?

மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தமிழ்ப் படப்புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு சிக்கல் வரும். "குரங்கு மரத்தின் உச்சியில் அமர்ந்திருந்தது" என்று அச்சாகியிருக்கும். நம் வீட்டில் யாரும் அமர்வதில்லை. உள்ளதை உள்ளபடி வாசிப்பதா, "குரங்கு மரத்து உச்சில உக்காந்திருந்துச்சு" என்று மாற்றிச் சொல்வதா? இல்லை, புத்தகத்தை மூடிவிட்டு வடை திருடிய காக்கா கதையைச் சொல்லலாமா? இவ்வளவு எதற்கு, யூடியூபில் யாரோ அழகாக வாசிக்கிறார்களே, அதைப் போட்டுவிட்டால் ஆகாதா?

யூடியூபை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரிசியா கூல் குழு 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் வந்து, விளையாட்டுக் காட்டி, புத்தகம் வாசித்தார்கள். இன்னொரு பிரிவுக் குழந்தைகளுக்கு அதையே திரையில் காட்டினார்கள். 12 அமர்வுகள் முடிந்தபோது, நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் பார்த்தவற்றுக்கும் சீனமே கேட்காதவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் ஜான் ஹட்டன் குழு 2018இல் வேறு வகையில் பார்த்தது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 27 பேரை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, கதையை ஒலியாக மட்டும், படங்களோடு, கார்ட்டூனாக என்று மூன்று விதமாகக் கொடுத்தார்கள். கார்ட்டூன் ஓடும்போது மூளையின் பகுதிகளுக்கு இடையே இணைப்பு குறைந்தது. அசையாத படத்தோடு கேட்டபோதுதான் மொழி, காட்சி, கற்பனை எல்லாம் கைகோத்து இயங்கின. சின்ன ஆய்வுதான், அதில் ஒலித்ததும் பதிவுசெய்த குரல்தான். ஆனாலும் கார்ட்டூனுக்கும் படப்புத்தகத்துக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது என்பதற்கு இது போதும். துபாயிலிருந்து அப்பா வீடியோ காலில் வாசிப்பது இந்தக் கணக்கில் வராது. அங்கே எதிரில் ஆள் இருக்கிறார், "ஏன்ப்பா?" என்றால் பதில் வரும்.

அடுத்தது, புத்தகமே இல்லாமல் சொல்வது. சோறு ஊட்டும்போதும், கரன்ட் போன இரவிலும், பேருந்திலும் இதற்கு ஈடு எதுவும் இல்லை. சொல்பவரின் கண் குழந்தையின் முகத்தில் இருக்கும். பயந்தால் சிங்கத்தைச் சின்னதாக்கலாம், சிரித்தால் நரியை இன்னொரு முறை பாட வைக்கலாம். உளுந்து வடை மசால் வடையாகும், காக்கா நம் தெரு முனைக் கடைக்கே வந்துவிடும். குறை என்னவென்றால், பெரும்பாலான அப்பா அம்மாக்களுக்குச் சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். காக்கா, முயலும் சிங்கமும், குரங்கும் முதலையும். அதற்குப் பிறகு இழுவைதான். சொற்களும் அன்றாடம் புழங்குகிறவையாகவே இருக்கும். நல்ல கதைசொல்லிப் பாட்டி வீட்டில் இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை.

இனி உண்மையான போட்டி. பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்பவர்களின் வாதம் எளிது: குழந்தைக்குக் கதை புரிய வேண்டும். "கீழே பார்த்துப் பல்லைக் காட்டியது" என்பதை விட "கீழ பாத்து ஈஈன்னு பல்லக் காட்டுச்சு" என்றால் குழந்தையும் சேர்ந்து பல்லைக் காட்டும். அச்சில் உள்ளபடி வாசித்தால் பல பிள்ளைகள் இரண்டாம் பக்கத்தில் நழுவி ஓடிவிடுவார்கள். அதிலும் செய்தி வாசிப்பது போல வாசித்தால் நானே எழுந்து போய்விடுவேன்.

ஆனால் எப்போதும் மாற்றியே சொல்வதிலும் இழப்பு உண்டு. பள்ளிக்கூடத்துப் பாடநூல் நாம் பேசுகிற தமிழில் வராது. அந்த வாக்கிய ஓட்டத்தைக் குழந்தை முதல் முறை கேட்பது ஒன்றாம் வகுப்பில்தான் என்றால், எழுத்துக் கூட்டுவதோடு புரியாத நடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பேச்சு வீட்டுக்கு வீடு வேறு என்பதும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்தக் குரங்கு மரத்தில் "இருந்தது" என்றாலே உட்கார்ந்ததாகத்தான் அர்த்தம். அச்சுத் தமிழ் இரண்டு வீட்டுக்கும் பொது.

என் கட்சி: முதல் ஓரிரு முறை பேச்சுத் தமிழில், அப்புறம் அச்சில் உள்ளபடி. குழந்தைகள் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்பதால்தான் இது நடக்கிறது. கதை தெரிந்துவிட்ட பிறகு "அமர்ந்திருந்தது" என்று வாசித்தால், படத்தில் குரங்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தானே பிடித்துக்கொள்ளும். "அமர்ந்துன்னா?" என்று கேட்டால் "உக்காந்து" என்று சொல்லிவிட்டு மேலே போகலாம், விளக்கவுரை வேண்டாம். உரையாடல் மட்டும் எத்தனையாவது வாசிப்பிலும் பேச்சுத் தமிழில், குரல் மாற்றித்தான். "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லும் குரங்கை எந்தக் குழந்தையும் நம்பாது.

எந்தப் பக்கம் நின்றாலும் இடையில் பேசவிட வேண்டும். 1988இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டின் குழு இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு மாதம் இதைத்தான் பழக்கியது: ஆம், இல்லை என்று முடியாத கேள்வி கேளுங்கள், குழந்தை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைகள், வழக்கம்போல வாசிக்கக் கேட்டவர்களை மொழித் தேர்வுகளில் முந்தினார்கள். புத்தகம் முடியாமல் போனால் போகட்டும்.

புத்தக வகையிலும் ஒரு வார்த்தை. சென்னையின் தூலிகா போன்ற பதிப்பகத்தார் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்கள் போடுகிறார்கள். படங்கள் அருமை, ஆனால் ஆங்கிலம் பக்கத்திலேயே இருந்தால் களைத்த இரவில் நம் கண் அங்கேதான் போகும். தமிழ் மட்டும் உள்ளவையும் வீட்டில் இருக்கட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் இலவசமாகப் படிக்கலாம், பதிவிறக்கலாம். நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நிறைய மொழிபெயர்ப்புகள், தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். தமிழக அரசின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலைகளாக வருகின்றன. பள்ளிப் பிள்ளைகள் தாங்களே படிக்கத்தான், ஆனால் "நுழை" நிலையில் உள்ள குட்டிப் புத்தகங்களை வாசித்துக் காட்டவும் தோதாக இருக்கும். எதை எடுத்தாலும் முதலில் ஒரு பக்கத்தைத் தனியாக வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நமக்கே நாக்குத் தடுக்கினால் அடுத்த புத்தகம்.