கத்திக்கு ஈடுகொடுக்கும் மங்கா: ‘கொச்சிகாமே’ பழைய தொகுதிகள்

‘கொச்சிகாமே’ என்று ஜப்பானியர் சுருக்கி அழைக்கும் மங்கா (ஜப்பானியப் படக்கதை) தொடரின் பழைய தொகுதிகளை, முதலில் வாசிப்பதற்கும் பிறகு வெட்டி மடித்துக் காகிதச் சிற்பங்களாக்குவதற்கும் என்று, இரண்டு ஆண்டுகளாக டோக்கியோவின் பழைய புத்தகக் கடைகளில் சிறிது சிறிதாக வாங்கிவருகிறேன். இதுவரை முப்பது தொகுதிகள் சேர்ந்துள்ளன. அவற்றுள் பதினொன்று சிற்பங்களாக மாறிவிட்டன. இந்த இரண்டு பயன்களுக்கும் அவை எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதை இங்கே மதிப்பிடுகிறேன்.

ஒசாமு அகிமோத்தோ எழுதி வரைந்த இத்தொடர், ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 1976 முதல் 2016 வரை நாற்பது ஆண்டுகள் வெளிவந்து 200 தொகுதிகளாக நிறைவுற்றது. டோக்கியோவின் கட்சுஷிகா வட்டத்தில் உள்ள காமேஅரியில், ஒரு பூங்காவின் எதிரே இருக்கும் சிறிய காவல் சாவடிதான் கதைக்களம். அங்கே பணிபுரியும் ரியோட்சு கன்கிச்சி என்ற காவலர், கடமையை விட விளையாட்டுப் பொருள்களிலும் பணம் பண்ணும் திட்டங்களிலும் நாட்டம் கொண்டவர். அந்தந்தக் காலத்தில் மக்களை ஆட்கொண்ட பொம்மைகளும், கணினி விளையாட்டுகளும், கைபேசிகளும் கதைகளில் வந்துபோவதால், தொகுதிகளை வரிசையாக வாசிப்பவர் நாற்பது ஆண்டு நகர வாழ்க்கையையும் கூடவே பார்த்துவிடுகிறார்.

சிற்பம் செய்பவருக்கு இத்தொடரின் முதன்மையான சிறப்பு, பெரும்பாலான கதைகள் ஓர் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுவதுதான். 1997-இல் தொடங்கிய ‘ஒன் பீஸ்’ போன்ற நெடுங்கதையில் இடையிலிருந்து ஒரு தொகுதியை எடுத்து வெட்டினால் கதையின் ஒரு கண்ணி அறுந்துவிடும். அந்தத் தொகுதியை மறுபடியும் வாங்காமல் மேலே வாசிக்க இயலாது. கொச்சிகாமேயில் அந்தக் கவலை இல்லை. இடைக்காலத் தொகுதிகள் பழைய புத்தகக் கடைகளின் மலிவு அடுக்குகளில் ஒன்று 110 யென்னுக்கே கிடைப்பதால், அரிய நூல் எதையும் அழித்துவிட்டோம் என்ற உறுத்தலும் எழுவதில்லை.

இருப்பினும் ஓர் எச்சரிக்கை அவசியம். தொடரின் தொடக்க ஆண்டுகளில் அகிமோத்தோ வேறொரு புனைபெயரில் எழுதினார். அந்தப் பெயரைத் தாங்கிய ஆரம்பத் தொகுதிகளின் பழைய அச்சுகளைச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். ஆகவே முதல் சில தொகுதிகள் கைக்கு வந்தால், அட்டையில் உள்ள ஆசிரியர் பெயரையும் கடைசிப் பக்கத்தில் உள்ள அச்சு விவரத்தையும் பார்க்காமல் கத்தியைத் தொட வேண்டாம்.

இனி, பொருளின் தரம். ஒரு தொகுதியில் ஏறத்தாழ 190 பக்கங்கள், அதாவது 95 தாள்கள் உள்ளன. தாள் சற்றுத் தடிப்பாகவும் எடை குறைவாகவும் இருப்பதால், மடித்த இடத்தில் மடிப்பு நன்றாகப் படிந்து நிற்கிறது. தாள்களின் மேல், கீழ் மூலைகளை அளந்து மடித்து உருவம் கொண்டுவரும் முறையில் 95 தாள்கள் ஓர் எண்ணுக்கோ எழுத்துக்கோதான் போதுமானவை. ஆகவே தொடரின் நிறைவைக் குறிக்கும் ‘200’ என்ற எண்ணை அமைக்க எனக்கு மூன்று தொகுதிகள் தேவைப்பட்டன. குறை முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. இவை நூலால் தைக்கப்படாமல் பசையால் மட்டும் ஒட்டப்பட்டவை என்பதால், பழைய தொகுதியை முழுவதுமாக விரித்தால் பசை வெடித்துத் தாள்கள் கழன்றுவிடுகின்றன. வேலையைத் தொடங்குமுன் முதுகில் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி ஒரு நாள் உலரவிட்டால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

மடிப்பதை விடக் குடைவதில்தான் இத்தொகுதிகளின் அழகு வெளிப்படுகிறது. நூலின் ஓரங்களைப் பசையால் இறுக்கி, முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகத் தேவையற்ற பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, விரும்பிய படங்களை அதனதன் ஆழத்திலேயே விட்டுவைக்கும் இந்த முறையை அமெரிக்கக் கலைஞர் பிரையன் டெட்மரின் படைப்புகளில் முதலில் கண்டேன். எதையும் இடம் மாற்றாமலும் புதிதாக ஒட்டாமலும் நீக்குவதால் மட்டுமே உருவம் கொண்டுவருவது அவருடைய நெறி. அகிமோத்தோவின் கட்டங்களில் கடைவீதிகளும், மின்கம்பிகளும், வாகனங்களும் நுணுக்கமாக நிறைந்திருப்பதால், ஐந்தாறு தாள் ஆழத்துக்கு ஒரு படமாக விட்டுவைத்தாலே ஒரு தெரு உருவாகிவிடுகிறது. மரக்கூழ்த் தாள் வெளிச்சம் பட்ட ஓரங்களில் பழுத்தும் உட்புறத்தில் வெளிறியும் இருப்பதால், உள்ளே செல்லச் செல்ல நிறம் தானாகவே தெளிகிறது. சாயம் பூசி இதைக் கொண்டுவர முடியாது.

ஒப்பீட்டுக்காக ‘ஒன் பீஸ்’ தொகுதிகள் இரண்டையும் வெட்டிப் பார்த்தேன். மங்காவில் கடந்தகால நினைவுகளைச் சொல்லும் பக்கங்களின் ஓரவெளியைக் கறுப்பாக அச்சிடுவது வழக்கம். மூடிய நூலைப் பக்கவாட்டில் பார்த்தால் அவை பாறை அடுக்குகளைப் போலக் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். நீண்ட நினைவுக் காட்சிகள் கொண்ட ‘ஒன் பீஸ்’ இதில் கொச்சிகாமேயை விஞ்சுகிறது. வார இதழ்களைப் பரிந்துரைக்க மாட்டேன். மறுசுழற்சித் தாளின் இளஞ்சிவப்பும் பச்சையும் கண்ணைக் கவர்ந்தாலும், தாள் மிகவும் சொரசொரப்பாக இருப்பதோடு முதுகில் உள்ள கம்பிகள் கத்தியின் அலகைக் கெடுக்கின்றன.

‘ஒன் பீஸ்’ தொடரைச் சிற்பமாக்கிய முயற்சி ஒன்று 2022-இல் பெரிதும் பேசப்பட்டது. இலான் மனுவாக் என்ற கலைஞர் அதன் 21,450 பக்கங்களை ஒரே நூலாகக் கட்ட, பிரெஞ்சுப் பதிப்பகம் ஒன்று 50 பிரதிகளை 1,900 யூரோ விலையில் விற்றது. அதைத் திறந்து வாசிக்க இயலாது. நெடுந்தொடர்கள் பொருளாகச் சேகரிக்கப்படுவதைப் பற்றிய கூற்றாக அதை நான் மதிக்கிறேன். ஆனால் நூலிலிருந்து பிறக்கும் சிற்பத்தில் ஒரு முகமாவது, ஒரு வசனமாவது கண்ணுக்கு எட்ட வேண்டும் என்பதே என் விருப்பம்.

வாங்கும்போது நேரில் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் கட்டாக வாங்கிய பத்துத் தொகுதிகளில் மூன்றில் புகையிலை வாடை ஊறியிருந்தது. வாரக்கணக்கில் காற்றாட வைத்தும் அது போகவில்லை. டோக்கியோவின் நகானோ பிராட்வே வணிக வளாகத்தில் உள்ள ‘மண்டராகே’ என்ற பழைய மங்கா கடைகளில் விலை சற்றுக் கூடுதலானாலும், நூலின் நிலையை நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிகிறது. முதன்முதலாகச் செய்பவர்கள் 60-இலிருந்து 120 வரையிலான தொகுதிகளில் மூன்றை வாங்கி, ஒன்றை மடிக்கவும் ஒன்றைக் குடையவும் பயன்படுத்தலாம். மூன்றாவதை வாசிப்பதற்கென்று வைத்துக்கொள்ளலாம். என்னிடம் உள்ள 200-ஆம் தொகுதி மேலுறையுடன் அப்படியே அலமாரியில் இருக்கிறது. அதை வெட்டப்போவதில்லை.