நாலு வருடமாக டேட்டாபேஸ் ப்ராஜெக்ட்: ஆல்டர் எழுதும் பழக்கம் விட்டுப்போன கதை

முன்பெல்லாம் எங்கள் குழுவின் டேட்டாபேஸ் மாற்றங்கள் 'ஃபைனல்', 'புது ஃபைனல்' என்று பெயர் வைத்த ஸ்கிரிப்டுகளாக ஒரு ஃபோல்டரில் கிடக்கும். எது ஓடியது, எது ஓடவில்லை என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்டால் அன்றைக்கு ரிலீஸ் கிடையாது. அந்தத் தொல்லை தாங்காமல்தான் 2021-இல் விஷுவல் ஸ்டுடியோவில் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் ஒன்றை, அதாவது டேட்டாபேஸின் அமைப்பை ஃபைல்களாக வைத்துப் பராமரிக்கும் ப்ராஜெக்டை, தொடங்கினேன்.

அமைப்பதில் பெரிய வித்தை இல்லை. இன்ஸ்டாலரில் 'டேட்டா ஸ்டோரேஜ் அண்ட் ப்ராசஸிங்' பகுதியைத் தேர்ந்தெடுங்கள். புது ப்ராஜெக்டின் மேல் ரைட் கிளிக் செய்து, இம்போர்ட் வழியாக இருக்கிற டேட்டாபேஸைக் காட்டினால், டேபிள், வியூ, ப்ரொசீஜர் எல்லாம் தனித்தனி ஃபைலாக வந்துவிடும். டார்கெட் ப்ளாட்ஃபார்மை உங்கள் சர்வர் பதிப்புக்கு மாற்றிவிட்டு பில்ட் கொடுங்கள்.

முதல் பில்டில் எனக்கு வந்த எச்சரிக்கைகளைப் பார்த்து மிரண்டுவிட்டேன். பாதி, சர்வரின் உள் விவரங்களைக் காட்டும் சிஸ்டம் வியூக்களுக்காக மாஸ்டர் டேட்டாபேஸை ரெஃபரன்ஸாகச் சேர்த்ததும் அடங்கியது. மீதியில் சில நிஜமான குப்பைகள். இல்லாத டேபிளைக் குறிப்பிட்டு ப்ரொசீஜர் எழுதினாலும் சர்வர் ஏற்றுக்கொள்ளும், ஓடும்போதுதான் கத்தும். எப்போதோ நீக்கிய டேபிள்களை நம்பியிருந்த ப்ரொசீஜர்கள் இந்த பில்ட் எச்சரிக்கைகளில்தான் பிடிபட்டன.

பழக நாள் எடுத்தது வேறு. இருக்கிற டேபிளை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' கட்டளையை இங்கே எழுதக் கூடாது. டேபிள் கடைசியில் எப்படி இருக்க வேண்டுமோ அந்த 'கிரியேட்' வடிவத்தை மட்டும் வைத்திருக்க வேண்டும். பில்ட் செய்தால் அந்த வடிவங்கள் எல்லாம் அடங்கிய டாக்பேக் என்ற ஃபைல் கிடைக்கும். பப்ளிஷ் செய்யும்போது, அதாவது மாற்றங்களைச் சர்வரில் ஏற்றும்போது, அதையும் சர்வரில் இருப்பதையும் ஒப்பிட்டு, தேவையான ஆல்டரைக் கருவியே எழுதிக்கொள்ளும்.

இது புரியாமல் ஒரு நெடுவரிசையின் பெயரை ஃபைலில் நேரடியாக மாற்றிவிட்டேன். பெயர்தான் மாறியது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்க ஸ்கிரிப்ட் தயாரானது. தரவு இழப்பு வரலாம் என்றால் நிறுத்தும் அமைப்பு இயல்பாகவே ஆன் ஆகியிருந்ததால், டேபிளில் வரிசைகள் இருப்பதைப் பார்த்து பாதியில் நின்றது. தப்பித்தேன். ரீஃபேக்டர் மெனுவில் ரீநேம் கொடுத்தால் அந்த மாற்றம் ரீஃபேக்டர்லாக் ஃபைலில் பதிவாகும். அந்த ஃபைலையும் கிட் என்ற வெர்ஷன் கண்ட்ரோலில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

டேபிள்களில் எப்போதும் இருக்க வேண்டிய அடிப்படைத் தரவை, பப்ளிஷின் கடைசியில் ஓடும் போஸ்ட் டிப்ளாய்மெண்ட் ஸ்கிரிப்டில் வைத்திருக்கிறோம். ப்ராஜெக்டுக்கு அது ஒன்றுதான் இருக்கலாம். மற்ற ஃபைல்களை அதற்குள்ளிருந்து அழைக்கலாம். ஒவ்வொரு பப்ளிஷிலும் அது திரும்ப ஓடும். வெறும் இன்செர்ட் எழுதிவைத்து, இரண்டாம் முறை அதே வரிசைகள் மறுபடி வந்ததால் ப்ரைமரி கீ பிழை வாங்கியது என் சொந்தச் சாதனை. மாற்றங்களுக்கு முன்பு ஓடும் ப்ரீ டிப்ளாய்மெண்ட் ஸ்கிரிப்ட் இன்னும் குழப்பும்: ஒப்பீடு முடிந்த பிறகுதான் அது ஓடுகிறது. அதில் டேபிள் அமைப்பை மாற்றினால் பப்ளிஷ் ஸ்கிரிப்டுக்கு அந்த விஷயமே தெரியாது.

பிறகு, விஷுவல் ஸ்டுடியோ இல்லாமலே பில்ட் செய்யக்கூடிய புதிய எஸ்டிகே பாணி ப்ராஜெக்டுக்கு மாறினோம். லினக்ஸ் பில்ட் சர்வரிலேயே 'டாட்நெட் பில்ட்' கட்டளை ஓடுவதால், இதற்கென்று வைத்திருந்த விண்டோஸ் மெஷினை ஒழித்தாயிற்று.

பயனர்கள் உபயோகிக்கும் புரொடக்ஷன் சர்வருக்கு மட்டும் இன்னும் நேரடியாகப் பப்ளிஷ் கொடுப்பதில்லை. ஸ்கிரிப்டை உருவாக்கி, எதையாவது நீக்கும் 'டிராப்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்த பிறகுதான் ஓட்டுகிறேன்.